"அன்லிமிடெட் டயமண்ட்" ஆப்பும் அப்பாவின் போனும்

ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை மொபைல் கேமில் அன்லிமிடெட் டயமண்ட் (அந்த கேமுக்குள் செல்லும் காசு) ஏற்றித் தருகிறேன் என்று ஒரு ஏபிகே, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கிப் போடும் ஆப் ஃபைல், சொன்னால் அது பொய். மதுரை டவுன்ஹால் ரோட்டில் மொபைல் சர்வீஸ் பார்க்கிறவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

காரணம் எளிது. நெட் இல்லாமல் ஆடும் கேமில் காசு, உயிர், லெவல் எல்லாம் நம் போனிலேயே பதிந்திருக்கும். தெரிந்தவன் கைவைத்து மாற்றலாம். ஆன்லைன் கேமில் டயமண்ட் கணக்கு கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. நம் திரையில் தெரிவது பாஸ்புக் அச்சு மாதிரி. அதில் பேனாவால் இரண்டு சைபர் சேர்த்தால் பேங்கில் பணம் ஏறிவிடுமா?

தானே குறிபார்த்துச் சுடும் எய்ம்பாட், சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைக் காட்டும் ஹேக் போன்றவை வேறு ரகம். எதிரி நிற்கும் இடத்தை வரைவதற்காக அந்தத் தகவல் போனுக்கு வந்தே ஆகவேண்டும். அதைத்தான் அந்த ஹேக் திருடுகிறது. கொஞ்ச நாள் ஓடும், பிறகு ஐடி, அதாவது கேம் கணக்கு, போகும். பப்ஜி மொபைலில் ஹேக் போட்டு மாட்டினால் 10 வருடத் தடை. பதினாலு வயதில் மாட்டிய பையனுக்குத் தடை நீங்கும்போது கல்யாண வயசு வந்துவிடும்.

தடையோடு நின்றால் பரவாயில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் ஒருவர் மகனையும் கூட்டிக்கொண்டு போனோடு வந்தார். "தம்பி, பேங்க் மெசேஜே வரமாட்டேங்குது. நேர்ல போய்க் கேட்டா ஓடிபி அனுப்பிருக்கோம்ங்கறாய்ங்க, காசும் போயிருச்சு." செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி பகுதியைத் திறந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வைத்த வசதி அது; அங்கே அனுமதி வாங்கிய ஆப் நமக்குப் பதிலாகத் திரையைப் படிக்கும், தட்டும். பெயரே இல்லாத ஒரு ஆப், செட்டிங்ஸின் பல்சக்கரப் படத்தையே மாட்டிக்கொண்டு, ஆன் ஆகி உட்கார்ந்திருந்தது. அணைக்கத் தொட்டால் உடனே ஹோம் ஸ்க்ரீனுக்குத் தூக்கி எறிகிறது. மறுபடி தொட்டால் மறுபடி எறிகிறது. மெசேஜ் படிக்கவும் அனுமதி வாங்கி வைத்திருந்தது. ஓடிபி வந்ததும் படித்து, திருடனுக்கு அனுப்பி, அழித்துவிடும். நாம் போட்ட ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போய்த்தான் பிடுங்க முடிந்தது. டவுன்லோடு ஃபோல்டரில் டயமண்ட் ஹேக் ஏபிகே கிடந்தது.

"ஒம்பதாவது படிக்கிற பய, அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். தெரியும்ணே. நாமதான் பழக்கிவிட்டோம். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை வந்தது. அதே வருடம் ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஆடியே தீரவேண்டும் என்ற பயல்கள் டெலிகிராமில் ஏபிகே வாங்கினார்கள். இன்ஸ்டால் செய்யும்போது போன் காட்டும் எச்சரிக்கையைப் படிக்காமல் "ஓகே" தட்டும் பழக்கம் என் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் அப்போதுதான் ஊறியது. பிஜிஎம்ஐ திரும்ப வந்தும் பழக்கம் போகவில்லை.

ஹேக் போடாமல் நேர்வழியில் காசு போவதும் உண்டு. ஸ்கின், அதாவது கேம் ஆளுக்குப் போடும் உடை, வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். சாதா உடையில் ஆடினால் "நூப்" (கத்துக்குட்டி) என்று கிண்டல் செய்கிற கூட்டத்தில் ஒரு பையன் நல்ல சட்டை கேட்கிறான், அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வருவது பரிசுச் சக்கரம் சுற்றும் ஸ்பின்னில். ரூபாயை முதலில் டயமண்டாக மாற்றிவிடுவார்கள். அதன்பின் செலவு செலவாகவே தெரியாது. என்ன கிடைக்கும் என்று தெரியாமலே சுற்ற வேண்டும். கொஞ்சம் டயமண்ட் மிஞ்சும், அடுத்த ஸ்பின்னுக்குப் போதாது, மறுபடி டாப்-அப். காசு கொடுத்து இப்படிக் குருட்டுப் பெட்டி திறப்பது சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018லேயே முடிவு செய்தது. இங்கே 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டங்களுக்குத்தான் தடை. "அதான் கேமையெல்லாம் தடை பண்ணிட்டாங்களே" என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஐடி விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கவே வேண்டாம். விற்றவன் முதலில் இணைத்திருந்த பேஸ்புக் அல்லது கூகுள் கணக்கு வழியாக ஐடியைத் திரும்ப இழுத்துக்கொள்வான். ஐடியை விற்பதே கேமின் விதிக்கு விரோதம், கம்பெனியிடம் போய் நியாயம் கேட்கவும் முடியாது.

பிள்ளை ஆடுகிற போனில் யுபிஐ வைக்காதீர்கள். வேறு வழியில்லை, வீட்டில் ஒரே போன்தான் என்றால், ஸ்க்ரீன் லாக்குக்கும் யுபிஐக்கும் ஒரே நம்பரை வைக்காதீர்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். கை தவறிப் பிள்ளை வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேளுங்கள்.

கணக்கிலிருந்து பணம் திருடு போனால் நேரே என் கடைக்கு ஓடி வராதீர்கள். முதலில் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் கூப்பிடுங்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. பாஸ்வேர்டுகளையும் அந்த வேறு போனிலேயே மாற்றுங்கள். "ரீசெட் அடிச்சுக் குடுங்கண்ணே" என்று அவசரப்படவும் வேண்டாம். ஏபிகேயும் மெசேஜும் அழிந்துபோனால் போலீசுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. புகார் பதிவாகி, அவர்கள் பார்த்து முடித்த பிறகு போனைக் கொண்டுவாருங்கள்.