பழைய ரைஃபிளுக்குப் புது கேஸ்: பித்தளை எப்படி உருவம் மாறுது

பழைய ரைஃபிள் வெச்சிருக்கிறவங்களுக்கு வர்ற பெரிய தலைவலி துப்பாக்கியில இல்ல, தோட்டாவுலதான். நூறு வருஷம் ஆன ரைஃபிளோட பாரல் நல்லா இருக்கும், பின்பக்கத்தை மூடுற போல்ட் வழுக்கிக்கிட்டு ஓடும், ஆனா அதுக்கான தோட்டாவை செய்றத கம்பெனிகள் எப்பவோ நிறுத்தியிருப்பாங்க. குண்டு, மருந்து, மருந்தைப் பத்த வைக்கிற பிரைமர் மூணும் எப்படியாவது கிடைச்சிடும், கிடைக்காதது இந்த மூணையும் ஒண்ணா பிடிச்சு வெச்சிருக்கிற பித்தளைக் கூடுதான், அதாவது கேஸ். அதனால லைசென்ஸோட இந்த வேலையைப் பண்றவங்க இன்னைக்கும் சுலபமா கிடைக்கிற வேற ஒரு கேஸை எடுத்து, டைக்குள்ள, அதாவது கெட்டியான அச்சுக்குள்ள, விட்டு அழுத்தி, நீளத்தை வெட்டி, பழைய அளவுக்குக் கொண்டு வந்துடுறாங்க.

எந்த கேஸை எடுக்கிறதுங்கிறதை முடிவு பண்றது அடிப்பக்கம்தான். அமெரிக்க ராணுவம் 1906ல கொண்டு வந்த .30-06 கேஸ் 63 மி.மீ நீளம், ஜெர்மன் 8×57 மௌசர் 57 மி.மீ, ரெண்டுக்கும் அடி விட்டம் கிட்டத்தட்ட 12 மி.மீ. அடி ஒத்துப் போறதால .30-06ல இருந்து மௌசர் கேஸ் செஞ்சிடலாம். பிரிட்டிஷ் ஸ்னைடர் ரைஃபிளோடது மாதிரி அகலமான கேஸுக்கு 24 கேஜ் பித்தளை ஷாட்கன் கேஸையே எடுக்கிறாங்க. மேல் பகுதியை எப்படி வேணா மாத்திக்கலாம், அடிப்பக்கத்தை மாத்த முடியாது, ஏன்னா அது தடியான கட்டி உலோகம், அதுவும் வேணும்னே கெட்டியா விடப்பட்டது.

இந்தப் பித்தளையில 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். செம்போட படிக அடுக்குக்குள்ள துத்தநாக அணுக்கள் அங்கங்க செம்போட இடத்தைப் பிடிச்சு உக்காந்துக்குது, ஆனா அடுக்கோட அமைப்பு மாறுறதில்ல. துத்தநாகத்தை 35 சதவீதத்துக்கு மேல ஏத்திக்கிட்டே போனா வேற மாதிரி ஒரு படிக அமைப்பு உள்ள வர ஆரம்பிக்கும், அதைக் குளிர்ந்த நிலையில இழுத்தா ஒத்துழைக்காது. 70-30ல பலமும் இருக்கு, இழுபடுற குணமும் இருக்கு, அதனாலதான் வட்டத் தகட்டுல ஆரம்பிச்சு கிண்ணமாக்கி, நீளமா இழுத்து இழுத்து கேஸ் செய்ய முடியுது.

சுடும்போது உள்ள 4,000 பார் அளவுக்கு அழுத்தம் வரும், அதாவது நம்மளைச் சுத்தி இருக்கிற காத்தழுத்தம் மாதிரி நாலாயிரம் மடங்கு. அப்ப கேஸோட சுவர் பலூன் மாதிரி உப்பி சேம்பர், அதாவது பாரல்ல தோட்டா உக்கார்ற இடம், அதோட சுவரோட ஒட்டிக்கும், சூடான கேஸ் (இது வாயு) பின்னால போல்ட் பக்கம் வராம அடைச்சிடும். அழுத்தம் இறங்கினதும் அதே பித்தளை கொஞ்சம் உள்வாங்கணும், இல்லன்னா கேஸ் சேம்பர்ல சிக்கிக்கும். எவ்வளவு உள்வாங்கும்ங்கிறது அந்த உலோகத்தோட பலத்தை விறைப்பால வகுத்தா வர்ற அளவு. பித்தளையோட விறைப்பு இரும்புல பாதிதான், அதனால ஓரளவு கெட்டியான பித்தளை நல்லாவே திரும்பி வரும். ரொம்ப மிருதுவா இருந்தா ஒட்டினது ஒட்டினபடியே நிக்கும், ரொம்ப கெட்டியா இருந்தா கழுத்துல, அதாவது குண்டைப் பிடிச்சிருக்கிற மேல் நுனியில, விரிசல் விழும். 1885 சூடான் போர்ல மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் சிக்கிக்கிட்டதுக்கு ஒரு முக்கியக் காரணம் அப்ப இருந்த கேஸ், மெல்லிசா பித்தளைத் தகட்டைச் சுருட்டி செஞ்சது, அதுக்கப்புறம்தான் முழுசா இழுத்து செஞ்ச கேஸுக்கு மாறினாங்க.

ஆக ஒரே கேஸ்ல அடி கெட்டியா, கழுத்து மிருதுவா இருக்கணும், உருவம் மாத்துறவங்களோட மொத்த வித்தையும் இந்த வித்தியாசத்தைக் காப்பாத்துறதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், டை, ப்ரெஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

டைக்குள்ள அழுத்தும்போது படிகத்துக்குள்ள இருக்கிற அடுக்குப் பிசகுகள், டிஸ்லொகேஷன்னு சொல்றது, நகர்ந்துதான் உலோகம் வளையுது. அழுத்த அழுத்த இந்தப் பிசகுகள் பல மடங்கு பெருகி ஒண்ணை ஒண்ணு மறிச்சுக்கிட்டு நகர இடமில்லாம நிக்கும், அதுதான் கெட்டியாகுறது. நல்லா மிருதுவா இருக்கிற இந்தப் பித்தளை அறுபது சதவீதம் வரைக்கும் நீளும், முழுக்க கெட்டியானது எட்டு சதவீதத்துலயே அறுந்துடும். அதனால ஒரேயடியா அழுத்தாம படிப்படியா அழுத்தி நடுவுல கழுத்தைச் சூடு பண்றாங்க, அதுக்குப் பேர் அனீலிங்.

சூடு பண்ணா பழைய படிகத் துகள்கள் சும்மா இளகுறதில்ல, கசங்கின துகள்களுக்கு நடுவுல பிசகு இல்லாத புது துகள்கள் முளைச்சு பழசை தின்னுக்கிட்டே வளருது. இதுக்கு வெப்பமும் வேணும், நேரமும் வேணும். உலையில ஒரு மணி நேரம் வெச்சா 300, 400 டிகிரியிலயே நடக்கும், தீ ஜுவாலையில சில நொடிதான் காட்டப் போறோம்னா இன்னும் அதிக சூடு தேவை. அளவு மீறினா துகள்கள் பெருசாகி கழுத்து குண்டைப் பிடிக்கிற பிடியே போயிடும். நிறத்தைப் பாத்து சூட்டை கணிக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, ரூம் வெளிச்சம் மாறினா கண்ணுக்குத் தெரியிற நிறமும் மாறிடும், குறிப்பிட்ட வெப்பத்துல உருகுற பெயின்ட் நம்பகமானது.

சூடு பண்ணினதும் தண்ணில போடுறதைப் பாத்து இரும்பு மாதிரி பித்தளையும் கெட்டியாகும்னு பலர் நினைக்கிறாங்க. ஆகாது. இரும்புல நடக்குற அந்த படிக மாற்றம் இதுல கிடையாது, தண்ணி பண்றது ஒண்ணே ஒண்ணுதான், சூடு அடிப்பக்கத்துக்கு இறங்காம தடுக்குது. அடி மிருதுவாயிட்டா திரும்ப கெட்டியாக்க ஒரே வழி அதை அடிச்சு நசுக்குறது, முடிஞ்சுபோன கேஸ்ல அது நடக்காது, அப்படிப்பட்ட கேஸை உடைச்சுத் தூக்கிப் போடணும், ஏன்னா அடி கிழிஞ்சா சூடான வாயு நேரா சுடுறவர் முகத்துப் பக்கம் வரும்.

இன்னொரு சிக்கல் வெளியில தெரியாது. நீளமான கேஸை சுருக்கும்போது முன்னாடி உடம்பா இருந்த உலோகம் இப்ப கழுத்தா மாறுது, உடம்போட சுவர் கழுத்தை விட தடிமன். அந்தத் தடிமனோட குண்டை வெச்சா சேம்பர்ல கழுத்து விரிய இடமே இருக்காது, குண்டு வெளியேறத் தாமதமாகி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். அதனால உள்பக்கம் ரீமர்ங்கிற குடைஞ்சு எடுக்கிற கருவியை விட்டோ வெளிப்பக்கம் சீவியோ தடிமனைக் குறைச்சு, மைக்ரோமீட்டர்ல அளந்தே ஆகணும், இந்தப் படியை விட்டுட்டுப் போகக் கூடாது. உள் கொள்ளளவும் மாறியிருக்கும், அதனால வேற கேஸுக்கு எழுதின மருந்து அளவை இதுக்கு அப்படியே எடுத்துக்க முடியாது.

அனீலிங்ல இன்னொரு லாபமும் இருக்கு. 19ம் நூற்றாண்டுல இந்தியாவுல பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்துல குதிரை லாயங்கள்ல வெச்சிருந்த தோட்டாக்கள்ல தானாவே விரிசல் விழுந்துச்சு, சுடவே இல்ல, சும்மா இருந்ததுதான். காரணத்தை 1921ல மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூணு பேர் விளக்கினாங்க: குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அம்மோனியா, கூடவே இழுத்து செஞ்சப்ப உலோகத்துக்குள்ள தங்கிப்போன இழுவிசை, இந்த ரெண்டும் ஈரப்பதத்தோட சேர்ந்து படிகத் துகள் எல்லைகளைப் பிளந்துடுச்சு. உருவம் மாத்தின கேஸ்லயும் அந்த இழுவிசை தங்கும், கடைசியா ஒரு தடவை கழுத்தையும் அதுக்குக் கீழ சரிவா இருக்கிற தோளையும் சூடு பண்ணி அதை விடுவிச்சா விரிசல் பயம் பெரும்பாலும் போயிடும், பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் கேஸ் பக்கம் கொண்டு போகாம இருந்தா இன்னும் நல்லது.