ஆச்சியிடம் கேட்காமல் போட்ட தெரு

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில், சில வருடங்களுக்கு முன் ஒரு தெருவை அழகுபடுத்த வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். பேவர் பிளாக், பழங்கால மாதிரியில் விளக்குக் கம்பம், உட்கார பெஞ்ச். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஐப்பசியில் ஒரு பெருமழை பெய்தது. தெருக்கோடி ஓட்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பெரிய வீடுகள் உயரமான மேடை மேல் நிற்பதால் தப்பின. ஆனால் நீர் வெளியேறும் துவாரம் அடைபட்டு, வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், கணுக்கால் அளவு தேங்கியது. ஊருணியோ பாதிகூட நிரம்பவில்லை.

பார்க்கப் போன என்னிடம் ஓர் ஆச்சி சொன்னார்: “வேலை நடக்கையிலயே சொல்லலாம்னு இருந்தேன் தம்பி. யாரு கேட்டீக?”

செட்டிநாடு மழையை நம்பி வாழ்ந்த வறண்ட பூமி. நாலு பக்க ஓட்டுக்கூரையும் வளவு வாசலை நோக்கிச் சரியும். விழும் நீரை அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் கல் வடிகால் வழியாகத் தெருவுக்கும், தெருவின் சரிவில் ஊருணிக்கும் போகும். வீடு, தெரு, ஊருணி மூன்றும் ஒரே ஏற்பாடு. நான் பழைய தளத்தின் மேலேயே கல்லை அடுக்கி, முக்கால் அடி உயர்த்தி, அந்த ஏற்பாட்டை நடுவில் அறுத்துவிட்டேன். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவுறுத்தியது. அதற்கு முந்தைய வேலை இது என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. மட்டம் பார்ப்பது என் தொழில்.

செட்டிநாடு என்றால் ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்கு என்று வீட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது தனித்தனி மாளிகைகள் அல்ல, ஊர்த் தொகுதிகள்.

சரி, யாரைக் கேட்பது? இங்கே இது சிக்கலான கேள்வி. வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பேர் இருப்பார்கள், பலர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும்தான் கதவு திறக்கும். அவர்களிடம் கையெழுத்து வாங்கினால் ஊரைக் கேட்டதாகிவிடாது. மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும், தெருக்கோடியில் குடியிருப்பவருக்கும், ஊருணியில் குடம் எடுக்கும் பெண்களுக்கும்தான் தெரியும். தெருவைத் திருத்துவது பற்றி முதல் கூட்டத்தை அலுவலகத்தில் காலை 11 மணிக்கு வைத்தோம், ஏழு பேர் வந்தார்கள். பிறகு பிள்ளையார் கோயில் வாசலில் விளக்கு வைத்த பிறகு கூடினோம். உட்கார இடமில்லை.

அப்புறம் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, தூறலில் அவர்களோடு நடந்தேன். அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டோம். கல்லைப் பெயர்த்து மட்டத்தை இறக்கினோம். பெஞ்சையும் எடுத்தாயிற்று. திண்ணை இருக்கும் தெருவில் பெஞ்ச் எதற்கு?

உங்கள் தெருவில் வேலை வரப்போகிறதென்றால் கிராம சபையிலோ, பேரூரானால் பகுதி சபாவிலோ இரண்டு கேள்வி கேளுங்கள்: முடிந்த பிறகு தெருவின் மட்டம் என் வாசற்படியிலிருந்து எவ்வளவு? மழைநீர் எந்த ஊருணிக்குப் போகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விளக்குக் கம்பங்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. அப்படி ஒரு கம்பத்தை இந்த ஊர் எந்தக் காலத்திலும் கண்டதில்லை என்று ஆச்சி பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.