பின்பக்கம் முனகினால் உடனே டிப்பைக் கழற்றவேண்டாம்

"டிப் போச்சுதாம் அண்ணை, மாத்தோணுமாம்." டிப் என்பது டிஃபரன்ஷியல், இரண்டு பின்சில்லுகளுக்கும் நடுவே இருந்து இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்லுப்பெட்டி. கராஜுக்கு வருகிறவர்களில் பலர் இந்தத் தீர்ப்பை வேறெங்கோ கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள், அந்த இடைவெளியில் பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓடும் பழக்கம் கூடிவிட்டது. நாலு சில்லும் இழுக்கிற பழைய ஹொண்டா சிஆர்வி வைத்திருப்பவர்களுக்கு இந்த டிப் பயம் எப்போதும் உண்டு. பெரும்பாலும் அது தேவையில்லாத பயம்.

நான் முதலில் கேட்பது, சத்தம் எப்போது வருகிறது என்பதைத்தான். நேரே ஓடும்போது ஒன்றுமில்லை, ஒழுங்கைக்குள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் படலைக்குள் ஏற்றும்போதுதான் அடித்தட்டு அதிர முனகுகிறது என்றால், பாதி விடை கிடைத்துவிட்டது.

2011 வரை வந்த சிஆர்விகளின் பின் டிப்புக்குள் இரண்டு சிறிய பம்புகள் இருக்கின்றன. ஒன்று முன்சில்லின் வேகத்துக்குச் சுற்றும், மற்றது பின்சில்லின் வேகத்துக்கு. இரண்டும் சமமாகச் சுற்றும்போது அழுத்தம் ஏறாது. முன்சில்லு மணலில் வழுக்கினால் அழுத்தம் ஏறி, டிப்போடு சேர்ந்திருக்கும் கிளச் தட்டுகளை நெருக்கி, பின்சில்லையும் இழுக்க வைக்கும். முடக்கில் திரும்பும்போதும் முன்சில்லுகள் பெரிய வட்டம் போடுவதால் இதே வித்தியாசம் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஒயில் நல்லதாக இருந்தால் தட்டுகள் மெல்ல வழுக்கிக் கொடுக்கும். ஒயில் கெட்டிருந்தால் பிடித்துப் பிடித்து விடும். அந்த அதிர்வுதான் முனகல்.

ஆகவே மருந்து ஒயில்தான். ஆனால் கண்ட ஒயிலும் அல்ல. ஹொண்டாவின் டூவல் பம்ப் ஃபுளூயிட்டைத்தான் விடவேண்டும். "டிப்புக்கு எல்லாம் தொண்ணூறாம் நம்பர் கியர் ஒயில்தானே" என்று ஊற்றிவிடுவார்கள். இந்தக் கிளச்சுக்கு அது ஆகாது, முனகல் கூடும். அதேநேரம் நிசான் எக்ஸ்-ட்ரெயிலின் பின் டிப்புக்குச் சாதாரண ஹைபாயிட் கியர் ஒயில்தான் சரி. வாகனத்தின் கைநூலைப் பார்க்காமல் போத்தலைத் திறக்கவேண்டாம்.

வேலை சின்னது. டிப்பில் மேலே நிரப்புகிற பிளக், கீழே வடிக்கிற பிளக். எப்போதும் மேலேயுள்ளதை முதலில் கழற்றுங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கு அது இறுகிப்போய் இருக்கும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் வாகனம் அந்த இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். ராச்செட்டின் சதுர முனையே பிளக்கின் குழிக்குள் பொருந்தும். டிப்பின் உடல் அலுமினியம், பூட்டும்போது முழுப் பலத்தையும் காட்டவேண்டாம். வாஷர் இரண்டும் புதிதாகப் போடுங்கள். வாகனத்தைச் சமமாக நிறுத்தி, மேல் ஓட்டையால் வழியும்வரை நிரப்பினால் போதும். ஒரு லீற்றரும் கொஞ்சமும் பிடிக்கும். பிறகு வெறும் வளவொன்றில் ஸ்டியரிங்கை ஒடித்து இரண்டு பக்கமும் மெதுவாக வட்டம் போடுங்கள், புது ஒயில் தட்டுகளுக்குள் போகும். மிச்ச முனகல் இருந்தால் வடித்து இன்னொருமுறை விடவேண்டும். இரண்டு தரம் மாற்றினாலும் டிப்பின் விலைக்குக் கிட்டவும் வராது.

சரி, ஒயில் ஏன் அவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? டயரைப் பாருங்கள். காசு முடைக்கு முன்னுக்கு மட்டும் இரண்டு புது டயர், பின்னுக்குத் தேய்ந்தது, அதுவும் வேறு அளவு. சில்லுகளின் சுற்றளவு வேறானால் நேர் றோட்டிலும் அந்தக் கிளச் வேலை செய்துகொண்டே இருக்கும். நாலையும் ஒன்றாக மாற்ற முடியாவிட்டால் அளவாவது ஒன்றாக இருக்கட்டும்.

சத்தம் திரும்பும்போது இல்லாமல், ஏ9 வீதியில் வேகம் ஏற ஏற இரைச்சலாக வந்தால் அது வேறு கதை. ஆனையிறவு வெட்டை இதைக் கேட்க நல்ல இடம். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள். உடனே சத்தம் மாறினால் டிப்பின் பல்லுகளைச் சந்தேகிக்கலாம். மாறாவிட்டால் பேரிங் அல்லது டயர். பின்சில்லை ஜக்கில் தூக்கி, ஒரு கையால் சுற்றிக்கொண்டு மற்றக் கையைச் சுருள் ஸ்பிரிங்கில் வையுங்கள். பேரிங் போயிருந்தால் மணல் அரைபடுவது போல ஸ்பிரிங் வழியே கைக்குத் தெரியும். காதுக்குக் கேட்காதது கூடத் தெரியும். டயரென்றால் முன்பின் மாற்றிப் பூட்டினாலே சத்தம் இடம் மாறிவிடும், செலவே இல்லை.

அப்புறம் சில்லறை விசயங்கள்: பின்கதவில் தொங்கும் ஸ்பெயார் சில்லின் நட் இளகியிருக்கும், அல்லது ஜக் அதன் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஜிம்னிக்காரர் கடற்கரை மணலுக்குப் போட்ட நாலு சில்லு லீவரை எடுக்காமல் தார் றோட்டில் திரும்பினாலும் இறுக்கிக்கொண்டு சத்தம் வரும்.

உண்மையாகவே டிப் போய்விடுவதும் உண்டு. வடித்த ஒயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுத்திருப்பது வழமை. நகத்தில் அகப்படும் அளவுக்கு இரும்புத் துண்டு வந்தால்தான் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த டிப் தேடவேண்டும். வருகிற டிப்பிலும் யாரோ விட்ட பழைய ஒயில் கிடக்கும். பூட்டுவதற்கு முன் அதையும் வடித்துவிடச் சொல்லுங்கள்.