மூன்றரை மணிச் சாப்பாடும் காலை ஊசியும்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவின் மூத்த விற்பனையாளர் ஒரே சேலையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக நின்றிருந்தார். ஏசி ஓடும் தளத்திலும் அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "அண்ணே, சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். எப்போதும் சிரித்த முகமாகப் பேசுகிறவர், "உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று சீறினார். மணி 3.20. கூட்டம் குறையவில்லை என்று அந்தத் தளத்தில் யாரையும் சாப்பிட விடவில்லை.

"குடித்துவிட்டு வந்திருக்கிறாரா?" என்று ஒரு வாடிக்கையாளர் மேலாளரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வாழ்நாளில் குடித்தறியாத மனிதர் அவர். காலை ஏழரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்த ரத்தத்திலும் இருப்பது நாலரை கிராம்தான்; ஒரு தேக்கரண்டி சர்க்கரை. மூளையோ ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம், அதாவது மணிக்கு 5 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. அதனிடம் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ரத்தத்தில் உள்ளதை மட்டும் நம்பியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பு அணைந்துவிடும்.

அணையாமல் காப்பது கல்லீரல். சாப்பிட்ட பிறகு கிடைக்கும் குளுக்கோஸை கிளைக்கோஜனாகக் கட்டி வைத்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடுகிறது. ஆரோக்கியமான உடம்பில் சர்க்கரை 80-ஐ நெருங்கும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். 70-ஐ ஒட்டி இறங்கினால் குளுக்ககான் என்ற ஹார்மோன் சுரந்து, கிளைக்கோஜனை அவிழ்க்கும்படி கல்லீரலை உந்தும். கூடவே அட்ரினலினும் வரும். கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். வியர்த்துக் கொட்டுவது, பசி வயிற்றைக் கிள்ளுவது ஆகியவையும் இதே எச்சரிக்கையின் பகுதிகளே. 54-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்குகிறது: பேச்சு குழறும், கணக்கு பிசகும், காரணமில்லாமல் கோபம் வரும். கடைசியில் வலிப்பும் மயக்கமும்கூட வரலாம். அண்ணன் என்மீது சீறியதில் அவருடைய குணம் எதுவும் இல்லை. "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று உதவியைத் தட்டிவிடுவதும் இந்த நிலையின் அடையாளங்களில் ஒன்று. பக்கத்தில் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

இந்தப் பாதுகாப்பு ஊசி போடுகிறவர்களிடம் முதல் படியிலேயே உடைந்துவிடுகிறது. கணையம் சுரக்கும் இன்சுலினை நிறுத்த முடியும். தோலுக்கடியில் ஏற்றிய இன்சுலினைத் திரும்பக் கூப்பிட முடியாது. நம் ஊரில் பலர் போட்டுக்கொள்ளும் 30/70 கலவையில் 30 பங்கு காலைச் சாப்பாட்டுக்கானது. மீதி 70 பங்கு மெதுவாகக் கரையும் இன்சுலின். அதன் உச்சம் ஊசி போட்ட நான்கு மணி முதல் பத்து மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஏழரைக்குப் போட்டால் பதினொன்றரை முதல் அது கைநீட்டிக் காத்திருக்கிறது. ஒரு மணிக்குச் சாதம் வரும் என்ற நம்பிக்கையில்தான் மருத்துவர் அந்த அளவை எழுதித் தந்திருப்பார். சாதம் மூன்றரைக்கு வந்தால், இடைப்பட்ட நேரம் முழுவதும் அது ரத்தத்தில் உள்ள அந்த ஒரு தேக்கரண்டியிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, கல்லீரல் அவிழ்த்துவிடுவதையும் தடுக்கும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், குறைந்தது அரைமணி நேர ஓய்வு தராமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று வகுத்தது. அதை எழுதியவர்கள் மனத்தில் நீரிழிவு இருந்திருக்காது. ஆனாலும் சராசரித் தொழிலாளிக்கே ஐந்து மணி நேரம் எல்லை என்றால், இன்சுலின் போட்டவரை ஏழு மணி நேரம் பட்டினி நிறுத்துவதை நிர்வாகக் கெடுபிடி என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அவர்களில் பலர் எங்கோ ஓரிடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறவர்கள்.

ஊசி போடாதவர்களும் இதில் அடக்கம். 1942-இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் டைபாய்டுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளுக்குச் சர்க்கரை தாறுமாறாக இறங்குவதை மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் கவனித்தார். அந்த வழியில் வந்தவையே இன்றைய கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள். சர்க்கரை குறைவாக இருந்தாலும் இவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ஆகவே தம்முடைய மாத்திரை எந்த வகை என்பதை ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

உடலுழைப்பு இன்னொரு கணக்கு. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சரக்கு இறங்கும் நாளில் பகல் முழுதும் மூட்டை தூக்கியவருக்கு, தீர்ந்த கிளைக்கோஜனைத் தசை மறுபடி நிரப்பிக்கொள்ளும் இரவிலும் சர்க்கரை இறங்கலாம். விடிகாலையில் தலையணை நனைந்து, தலைவலியோடு எழுந்தால் முந்தைய நாள் வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவருக்கு உடம்பின் எச்சரிக்கை மணி மழுங்கிப்போகிறது. நடுக்கமும் படபடப்பும் 65-இல் வந்தவருக்கு, போகப் போக 50 வரை எதுவும் தெரியாது. நேராகக் குழப்பத்துக்குள் விழுவார். ரத்த அழுத்தத்துக்குச் சிலர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் படபடப்பை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். சில வாரங்கள் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொண்டால் மணி பெரும்பாலும் மீண்டும் ஒலிக்கத் தொடங்கும் என்பது ஆறுதலான செய்தி. பிரிட்டனில் இன்சுலின் போடுகிறவர்கள் வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறையும், நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். ஓட்டுநர்களும் இயந்திரத்தில் நிற்பவர்களும் இங்கேயும் அப்படிச் செய்யலாம்.

அன்றைக்குக் கடைப் பையன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். "அண்ணனுக்குச் சுகர்" என்று கடைக்காரரிடம் சொல்லி, பத்திரமாகச் சர்க்கரை போடாத டீயாக வாங்கி வந்திருந்தான். அவனுடைய அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை விஷம் என்றுதானே எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது 15 கிராம் குளுக்கோஸ்: மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்தது. குடித்த 15 நிமிடம் கழித்துப் பார்த்து, 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. தாண்டிய பிறகு சாப்பாடு. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு குளுக்கோஸ் ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரையும் சரிவராது, ஏனென்றால் சர்க்கரையை உடைத்துக் குளுக்கோஸாக்கும் குடல் நொதியை அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸ் தூளே வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிய பின்னும் மறுபடி இறங்கக்கூடும் என்பதால், தெளிந்தவரை உடனே தனியாக வீட்டுக்கு அனுப்புவதும் தவறு.

அந்த டீயிலேயே மூன்று கரண்டி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, ஆற்றிக் கொடுத்தோம். முதலில் கையைத் தட்டிவிட்டார். பிறகு மெல்லக் குடித்தார். கால் மணி நேரத்தில், மடியில் கிடந்த சேலையைப் பார்த்து, "இதை யார் இப்படிக் கசக்கியது?" என்று கேட்டார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. மறுநாள் முதல் பட்டுப் பிரிவில் 12.45-க்கு முதல் பந்தியில் அவரை அனுப்பினார்கள். கல்லாப் பெட்டியின் இரண்டாவது இழுப்பறையில், ரசீதுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் தேக்கரண்டியும் வந்து சேர்ந்தன.