குறைமாதப் பிள்ளைக்கு ஒட்சிசன் கூடினாலும் கெடுதிதான்

மட்டக்களப்பில் குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் எங்களிடம் தாய்மாரும் அம்மம்மாமாரும் அடிக்கடி கேட்பது இது: "டொக்டர், பிள்ளை மூச்சு வாங்குது, ஒட்சிசனை இன்னும் கொஞ்சம் கூட்டி விடுங்களேன்." இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் மொனிட்டரில் 93 என்று வந்தால், ஏன் 100 இல்லை என்று பதறுகிறார்கள். பதறுவது நியாயம்தான். கோவிட் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த கருவி அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. ஆனால் 28 கிழமையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஒட்சிசன் ஏற்றும்போது நாங்கள் அந்த வீதத்தைச் சுமார் 90க்கும் 95க்கும் இடையில் வைத்திருக்கத்தான் பாடுபடுகிறோம்.

காரணம் கர்ப்பப்பைக்குள் இருக்கிறது. பெரியவர்களின் நாடி இரத்தத்தில் ஒட்சிசன் அழுத்தம் (இது மொனிட்டர் காட்டும் வீதம் அல்ல, வேறு அளவு) 100 மில்லிமீற்றர் இரசம் அளவில் இருக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 20 முதல் 30 வரைதான். அந்தக் குறைந்த ஒட்சிசனில்தான் சுவாசப்பை வளர்கிறது. வளர்வதற்கு அந்தக் குறைவே தேவைப்படுகிறது.

நம் கலங்களுக்குள் 'ஹிஃப்' என்ற புரதக் கூட்டம் ஒன்று உண்டு. கலம் இதை ஓயாமல் உற்பத்தி செய்யும். ஒட்சிசன் போதியளவு இருந்தால் ஒரு நொதியம் அதில் அடையாளம் இடும், சில நிமிடங்களில் அது அழிக்கப்பட்டுவிடும். ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் தப்பித்துக் கலத்தின் கருவுக்குள் போய், தேவையான மரபணுக்களை இயக்கும். இதைக் கண்டறிந்த செமென்சா, ரற்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அது இயக்கும் மரபணுக்களில் ஒன்று புதிய இரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் 'வெஜ்எஃப்'. சுவாசப்பையின் சிற்றறைகள் தனியே வளர்வதில்லை. குழாய்கள் பரவப் பரவத்தான் அவையும் பிரிந்து பெருகும். 2002இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஹிஃப் கூட்டத்தில் ஒன்றான ஹிஃப்-2 அல்பா இல்லாத எலிக்குஞ்சுகளைப் பார்த்தார்கள். அவற்றின் சிற்றறைகள் விரிந்து நிற்க உதவும் சர்ஃபக்டன்ற் போதவில்லை. பிறந்ததும் மூச்சுத் திணறி இறந்தன. குறைமாத எலிக்குஞ்சுகளுக்கு வெஜ்எஃப் புரதம் கொடுத்தபோது மூச்சுத் திணறல் குறைந்தது. எங்கள் வார்டில் தினமும் நாங்கள் போராடுவதும் இதே சர்ஃபக்டன்ற் குறைபாட்டோடுதான்.

கலம் பிழைப்பதற்கும் இதே புரதங்கள் வேண்டும். ஒட்சிசன் குறையும்போது, அது இல்லாமலே குளுக்கோசிலிருந்து சக்தி எடுக்கக் கலத்தைத் திருப்பிவிடுபவை இவைதான். ஆனால் கடுமையான பஞ்சம் நீண்டுகொண்டே போனால், கலத்தைச் சாகவிடும் மரபணுக்களையும் இவையே இயக்கக்கூடும். ஆகவே பிள்ளையை ஒட்சிசன் இல்லாமல் விடுவதும் பதில் இல்லை.

இப்போது 28 கிழமைப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வயிற்றில் இன்னும் 3 மாதம் அந்தக் குறைவில் இருக்கவேண்டியவள் திடீரென வெளியே வந்துவிட்டாள். ஒட்சிசனை அள்ளிக் கொடுத்தால் ஹிஃப் அழிந்துபோகும், வெஜ்எஃப் குறையும், குழாய் வளர்ச்சி தடைப்படும். மிஞ்சும் ஒட்சிசன் கலங்களை நேரடியாகவும் எரிக்கும். ஒட்சிசனும் இயந்திர மூச்சும் சேர்ந்து குறைமாதச் சுவாசப்பையைக் கெடுப்பதை அமெரிக்காவில் நோர்த்வே என்ற மருத்துவர் 1967இலேயே விவரித்தார். கண்ணில் நடந்தது இன்னும் கொடுமை. 1940களில் வெளிநாடுகளில் தாராளமாக ஒட்சிசன் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பார்வை இழந்தார்கள். காரணம் ஒட்சிசனாக இருக்கலாம் என்று மெல்பேர்ணில் குழந்தை மருத்துவர் கேற் கெம்பல் 1951இல் எழுதினார். அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையை அறிந்துதான் இன்றைக்கு ஒரு தாதி குமிழைத் திருகிக் குறைக்கிறார். தயவுசெய்து அவரைக் கோபிக்காதீர்கள்.

பிரசவத்துக்கு முன்னால் குடும்பத்தின் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சிகரட், பீடிப் புகையும் மூடிய குசினியின் விறகுப் புகையும் காபன் மொனொக்சைட்டைத் தாயின் இரத்தத்தில் ஏற்றும். ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஏற்கெனவே அளவாகக் கிடைப்பதில் இது கைவைக்கிறது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்காதீர்கள், தேயிலை இரும்பைச் சேரவிடாது. மாதம் நிறையுமுன் வலியோ நீரோ கண்டால் உடனே வாருங்கள். வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் கடைசி நேரத்தில் வருபவர்களுக்குச் சுவாசப்பையை முதிரவைக்கும் ஸ்டீரொயிட் ஊசி போட்டாலும் முழுப் பலன் கிடைக்க ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் எங்களுக்குப் பல நேரம் கிடைப்பதில்லை.

அப்புறம் கண் கிளினிக். முதல் பரிசோதனை பெரும்பாலும் பிறந்து 4 கிழமை அளவில் வரும், சில தடவை திரும்பவும் வரச் சொல்வோம். திகதி டயக்னோசிஸ் காட்டில் எழுதியிருக்கும். வேளாண்மை வெட்டு முடியட்டும், அம்மன் சடங்கு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை பால் குடித்து, நிறை கூடி நன்றாகவே இருப்பாள், வெளியே ஒன்றும் தெரியாது. விழித்திரையில் குழாய்கள் தாறுமாறாக முளைக்கத் தொடங்கி நோய் முற்றினால், லேசர் செய்ய 2, 3 நாள்தான் அவகாசம். அன்றைக்கு வரவே முடியாவிட்டால் வார்டுக்கு அழைத்துச் சொல்லுங்கள், வேறு நாள் கேட்டு வாங்குங்கள்.