இயன்முறையை உடற்பயிற்சி ஆக்காதீர்கள்

சென்ற மாதம் பெற்றோருக்கான ஒரு கையேட்டை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடுமாறுவது), தசைச்சிதைவு, மூட்டழற்சி என நாள்பட்ட கோளாறுகளோடு வளரும் குழந்தைகளின் உடல் அசைவு பற்றியது. நல்ல செய்திகள் இருந்தன. ஆனால் எட்டுப் பக்கத்தில் பதினோரு இடத்தில் 'உடற்பயிற்சி சிகிச்சை' என்று இருந்தது. பிசியோதெரபிக்குத் தமிழாம். பெயர்ப்பலகையிலும் செய்தித்தாளிலும் இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுத்துப் போயிருக்கிறேன். இந்தத் தடவை விட மனம் வரவில்லை.

முதலில் வேர். கிரேக்கத்தில் 'ஃபூசிஸ்' என்றால் இயற்கை, ஒன்று தானாக வளரும் தன்மை. 'தெரபெய்யா' என்றால் பணிவிடை, கூட இருந்து கவனித்துக்கொள்வது. மருந்து தராமல் தண்ணீர், வெப்பம், பிடித்துவிடுதல், அசைவு ஆகியவற்றைக் கொண்டு குணப்படுத்தும் முறைக்கு 19ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கான சங்கத்தை 1894இல் நான்கு செவிலியர்கள் தொடங்கினார்கள். அது அன்றைக்கு மசாஜ் செய்யும் பெண்களின் சங்கம். அமெரிக்காவில் இதையே பிசிக்கல் தெரபி என்கிறார்கள், சுருக்கமாகப் பி.டி. இவற்றில் எங்கேயும் பயிற்சி என்ற பொருள் கிடையாது.

அப்புறம் நம்மிடம் மட்டும் எப்படி வந்தது? என் ஊகம், அந்தப் பி.டி.தான். நமக்குப் பி.டி. என்றால் பள்ளிக்கூட விளையாட்டு வகுப்பு, விசில், வரிசையில் நின்று கையை மேலே தூக்குவது. பிசிக்கல் என்ற சொல்லைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பாளர் கை தானாக உடற்பயிற்சி என்று எழுதிவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிகிச்சை மையத்தில் காத்திருந்தபோது நாலு வயதுப் பையன் ஒருவன், ஒரு பக்கக் கையும் காலும் இறுக்கமாக இருப்பவன், மூன்று படி உயரமுள்ள மரப்படியில் ஏறிக்கொண்டிருந்தான். மேல்படியில் ஒரு சிவப்புப் பந்து. இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், இளம்பெண். அவன் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்திருந்தார், தொடவில்லை. அவன் நல்ல காலை வைத்து ஏறி, மற்றக் காலை இழுத்துக்கொண்டு, கைப்பிடியைத் தவறவிட்டு, திரும்பப் பிடித்தான். பந்தை எடுக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. எடுத்தவுடன் கீழே எறிந்துவிட்டு மறுபடியும் ஏறினான். அரை மணி நேரமும் இதேதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டி பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏம்மா, இன்னைக்கு எக்சர்சைஸ் கிடையாதா? விளையாட விட்டே அனுப்பிடுறியே."

பாட்டி மேல் தப்பில்லை. வாசலில் உடற்பயிற்சி சிகிச்சை என்று எழுதியிருக்கிறது. அவர் உடற்பயிற்சியைத்தான் எதிர்பார்ப்பார். குழந்தையைப் படுக்கவைத்துக் காலை மடக்கி நீட்டி, அவன் அழுது, எண்ணி இருபது தடவை செய்து முடித்தால்தான் சிகிச்சை நடந்ததாக அவருக்குத் தோன்றும்.

ஆராய்ச்சி சொல்வதோ இதற்கு நேர்மாறு. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர், பெருமூளை வாதத்துக்கு உலகம் முழுக்கச் செய்துவரும் சிகிச்சைகளின் சான்றுகளை 2013இல் ஒட்டுமொத்தமாகத் திரட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்குப்போல் பிரித்தார்கள். 2020இல் அதை விரிவாக்கி, 182 சிகிச்சைகளை எடைபோட்டார்கள். பச்சையில் வந்தவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: குழந்தை தானாக அசைகிறது, தனக்கு வேண்டிய ஒன்றைச் செய்யப் பார்க்கிறது, அதையே நிஜமான இடத்தில் திரும்பத் திரும்பச் செய்கிறது. சட்டைப் பொத்தான் போட வேண்டுமா, பொத்தான் போட்டே பழக வேண்டும். பெரியவர்கள் கையால் காலை நீட்டிவிடுவது மட்டும் பெரிய பலன் தருவதாகச் சான்று இல்லை. ஒரு கை மட்டும் பலவீனமாக உள்ள குழந்தைக்கு நல்ல கையைக் கொஞ்ச நேரம் உறைபோட்டுக் கட்டிவைத்து, மற்றக் கையால் விளையாட வைக்கும் முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. அந்தச் சிவப்புப் பந்துதான் சிகிச்சை. பாட்டி கண்ணெதிரே அது நடந்துகொண்டிருந்தது. வாசல் பலகையில் இருந்த சொல் அதை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இதைவிடக் கவலையான ஒன்று. டுசேன் தசைச்சிதைவு பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. தசை இழையின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் அவர்கள் உடலில் உருவாவதில்லை. பாரத்தோடு தசை நீளும்போது அந்த உறை கிழிகிறது. படி இறங்குவது, எடையைத் தாங்கி மெதுவாக உட்காருவது எல்லாம் அப்படிப்பட்ட அசைவுகள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா மகனைத் தினமும் காலையில் தோப்புக்கரணம் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் இருந்த சீட்டில் தொடர்ந்து உடற்பயிற்சி சிகிச்சை எடுக்கவும் என்றிருந்தது. கால் வலுவாகட்டும் என்று பாசத்தோடு செய்தார். பிசியோ என்று எழுதியிருந்தால் பிசியோவிடம் போய்க் கேட்டிருப்பார்.

என் வாதம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. தெரியாத சொல்லைப் பார்த்தால் மனிதர் அப்படியென்றால் என்ன என்று கேட்பார். தெரிந்த சொல் தப்பாக வந்து நின்றால் கேட்கவே மாட்டார். புரிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவார். உடற்பயிற்சி என்ற சொல்லுக்குள் தண்டாலும் வியர்வையும் ஜிம்மும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. சிகிச்சை என்று பின்னால் ஒட்டினால் அவை வெளியேறிவிடாது. நுரையீரலில் சளி கட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைக்கு முதுகில் தட்டிச் சளியை நகர்த்துவதும், மூச்சை ஊதி வெளியேற்றப் பழக்குவதும் பிசியோதெரபிதான். இதில் உடற்பயிற்சி எங்கே?

நான் உடற்பயிற்சிக்கு எதிரி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடல் ஊனமுள்ள 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளும் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலை அசைத்து ஆட வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் அங்கேயும் சொல் உடலியக்கம். பயிற்சி அதில் ஒரு பகுதி. திட்டமிட்டு, ஒழுங்காக, திரும்பத் திரும்பச் செய்வது பயிற்சி. தெருவில் ஓடுவதும் கோயில் பிரகாரத்தில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிப் போவதும் உடலியக்கம். ஆங்கிலத்தில் 1985லேயே இரண்டையும் பிரித்து வரையறை எழுதிவிட்டார்கள். நாம் மூன்றையும், அதாவது பயிற்சி, இயக்கம், சிகிச்சை எல்லாவற்றையும், ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

சரி, எது சரியான தமிழ்? இயன்முறை மருத்துவம். தமிழ்நாட்டில் வழக்கில் உள்ள சொல்; இலங்கையில் இயன்மருத்துவம் என்பார்கள். இயல் + முறை, இயன்முறை. நல் + மை, நன்மை ஆவது மாதிரி. இயல் என்றால் இயற்கை, தன்மை. ஆகவே கிரேக்க வேருக்கு நேராக நிற்கிறது. சொல்லை ஆக்கியவர் அதை மட்டும்தான் நினைத்தாரோ என்னவோ, தமிழ் அதற்கு மேலும் தருகிறது. 'என்னால் இயலும்' என்கிறோமே, அந்த இயலுதலும் இதுதான். பழந்தமிழில் இயலுதல் என்றால் நடத்தல், அசைதல். சங்கப் பாட்டில் வரும் 'இயல்தேர்' ஓடுகிற தேர். தன்மை, முடிதல், நடத்தல் மூன்றும் ஒரே வேரில் இருக்கின்றன. தன் உடலின் இயல்புக்குள் தனக்கு எது இயலுமோ அதைச் செய்து நடக்கப் பழகும் ஒரு குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை யாராலும் செய்து தர முடியாது என்று நினைக்கிறேன். கிரேக்கச் சொல்லில்கூட இந்த நடை கிடையாது.

இயன்முறை என்றால் இயற்கை வைத்தியமா என்று கேட்கிறார்களே என்பது ஒரு மறுப்பு. கேட்கட்டும். கேட்டால் பதில் சொல்லலாம். உடல் சிகிச்சை என்று சிலர் எழுதுகிறார்கள், குறிப்பாகக் கணினி மொழிபெயர்ப்பை அப்படியே வெட்டி ஒட்டுபவர்கள். பல் பிடுங்குவதும் உடல் சிகிச்சைதானே. உடலியக்க மருத்துவம் என்பது பரவாயில்லை, யோசித்துச் செய்த சொல். ஆனால் உடலியக்கவியல் என்பதை ஃபிசியாலஜிக்குக் கொடுத்துவிட்டோம், இரண்டும் மோதும்.

இந்தக் கவனக்குறைவு ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அதே கையேட்டில் பெருமூளை வாதத்தை 'மூளை முடக்குவாதம்' என்று போட்டிருந்தார்கள். முடக்குவாதம் என்றால் மூட்டுகளைத் தாக்கும் நோய். அதே கையேட்டின் ஆறாம் பக்கத்தில் மூட்டழற்சி உள்ள குழந்தைகள் வருகிறார்கள். படிக்கிற அம்மா எதை எதோடு சேர்ப்பார்? இன்னொரு இடத்தில் நாள்பட்ட என்பதற்குத் 'தீராத' என்று இருந்தது. மூலச்சொல்லான க்ரோனிக்கில் காலம் மட்டும்தான் இருக்கிறது, கிரேக்கத்தில் க்ரோனோஸ். தீராது என்ற தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் சொந்தமாகச் சேர்த்திருக்கிறார். அகராதியைப் பார்த்தவர், அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பேச்சில் பிசியோ என்றே சொல்லுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. தூய தமிழ் வேண்டும் என்று தப்பான தமிழை எழுதுவதைவிடப் பிறமொழிச் சொல் நேர்மையானது. எழுத்தில் முதல் தடவை 'இயன்முறை மருத்துவம் என்னும் பிசியோதெரபி' என்று சேர்த்து எழுதிவிட்டு, அடுத்து வரும் இடங்களில் இயன்முறை என்றால் போதும். கையேட்டின் பதினோரு இடத்தையும் அப்படித்தான் திருத்திக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் உள்பக்கம் எல்லாம் மாறியிருந்தது. அட்டையில் மட்டும் பழைய சொல்லே இருந்தது. அட்டை முன்பே அடித்தாகிவிட்டதாம். அதனால் என் கையில் இருக்கிற நூறு பிரதிகளின் அட்டையிலும் வெள்ளைத் தாள் துண்டு ஒட்டி, கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.