கல்லூரி தத்தெடுத்த ஊரா உங்களுடையது? உன்னத் பாரத் அபியான் விளக்கம்

கடலூர் மாவட்ட கிராமம் ஒன்றில் கல்லூரி மாணவர்கள் வீடு வீடாக வந்து, வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், கழிப்பறை உண்டா என்று கேட்டு எழுதினால், அது ‘உன்னத் பாரத் அபியான்’ கணக்கெடுப்பாக இருக்கலாம். எதற்காக என்று அவர்களிடமே கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இது மத்திய கல்வி அமைச்சகத்தின் திட்டம். 2014 நவம்பரில் தொடங்கியது. 2018 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது. டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்கிறது. சேரும் கல்லூரியோ பல்கலைக்கழகமோ குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும்.

ரோடு போடவும் தண்ணீர்த் தொட்டி கட்டவும் இதில் பணம் கிடையாது. கணக்கெடுப்பில் தெரியும் குறைகளை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, ஏற்கெனவே இருக்கும் அரசுத் திட்டங்கள் வழியாகத் தீர்ப்பதுதான் முறை. கல்லூரி தருவது ஆள்பலமும் படிப்பறிவும் ஆய்வுக்கூடமும்.

அது சின்ன விஷயமில்லை. நம் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் சிதம்பரத்தில் இருக்கிறது, கடல் உயிரியல் ஆய்வு மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. கடலோரக் கிணற்றில் உப்பு ஏறுகிறதா, முந்திரியைத் தேயிலைக் கொசு என்ற பூச்சி ஏன் இப்படித் தாக்குகிறது என்பதெல்லாம் படித்தவர்களிடம் உரிமையோடு கேட்க வேண்டிய கேள்விகள். ஊர் கேட்காவிட்டால், மரம் நட்டு போட்டோ எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். பல இடங்களில் ஊருக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவு அறுந்துபோவது இங்கேதான்.

அதனால் கிராம சபையில் பேசுங்கள். தமிழ்நாட்டில் அது கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கணக்கெடுப்பில் என்ன தெரிந்தது என்பதைக் கல்லூரி அங்கே வந்து வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்பதைத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். பெண்கள் சொல்வதும் அதில் ஏறட்டும், தண்ணீர்க் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் நகலைக் கல்லூரி முதல்வருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள்.

மாணவர்கள் வரும் நேரத்தையும் ஊரே சொல்லலாம். படகு கரையேறி ஏலம் நடக்கும் காலை நேரத்தில் மீனவர் குப்பத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வர முடியாது.